உயர்த்திய வண்டியும் குட்டையான ஸ்டாண்டும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வாகன நிறுத்துமிடம் பற்றிய விவாதத்தின்போது பேசியதன் எழுத்து வடிவம்.)

இன்றைக்கு நான் பேசப்போவது முக்கியமாகப் பின் வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பிமார்களிடம்தான்.

சென்ற மாதம் பி பிளாக் பார்க்கிங்கில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பின்பக்கம் தூக்கி வைத்த பைக் ஒன்று சைடு ஸ்டாண்டு முறிந்து சாய்ந்தது. அது பக்கத்து ஸ்கூட்டியின் மேல் விழ, ஸ்கூட்டி அதற்கடுத்த வண்டியின் மேல் விழ, நான்கு வண்டிகள் சரிந்தன. கடைசி வண்டி விழுந்த இடத்தில் பிள்ளைகளின் சைக்கிள்கள் நிற்கும். பள்ளி வேன் வரும் நேரம். நல்லவேளையாக அந்த நிமிஷம் அங்கே யாரும் குனிந்திருக்கவில்லை. அதன் விளைவாகத்தான் "மாற்றம் செய்த இருசக்கர வாகனங்களை வளாகத்துக்குள் அனுமதிப்பதில்லை" என்ற தீர்மானம் இன்று மேசைக்கு வந்திருக்கிறது. வாக்களிக்கும் முன்பு பத்து நிமிஷம் கேளுங்கள் என்று செயலாளரிடம் அனுமதி வாங்கினேன்.

முறிந்த அந்த ஸ்டாண்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். நான் பொன்மலைப் பணிமனையில் வெல்டிங் பார்த்து ஓய்வு பெற்றவன். முறிந்த இரும்பைப் பார்த்தால் முதலில் வாயைத்தான் பார்ப்பேன், அதாவது உடைந்த முகத்தை. குழாயை நறுக்கி, நடுவில் ஒரு துண்டை வைத்து, வெளியே சுற்றிலும் ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். உள்ளே இரும்போடு இரும்பு சேரவே இல்லை. மேலே பெயின்ட் அடித்ததும் அழகாகத் தெரிந்திருக்கும். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். அந்தத் தம்பி பணம் கொடுத்துத்தான் செய்திருக்கிறார், ஏமாந்தது அவர்தான்.

முதலில் இந்த வண்டிகளை ஏன் தூக்குகிறார்கள் என்று பெரியவர்கள் கேட்கிறீர்கள். நம் தெருவில் இருக்கும் வேகத்தடைகளை எண்ணிப் பாருங்கள். இருவர் உட்கார்ந்து போனால் அடிப்பாகம் உரசாத வண்டி குறைவு. ஆறடி உயரமுள்ள பையனுக்கு முழங்கால் மடங்கி வலிக்கிறது. மலைப்பாதையில் ஓட்டும் ஆசை சிலருக்கு. பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம், அதையும் ஒளிக்க வேண்டாம். பின் ஷாக் அப்சார்பருக்கு அடியில் மாட்டும் அலுமினியத் துண்டு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அரை மணி நேர வேலை, வண்டி இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும். உயர்ந்த வண்டிக்கு ஸ்டாண்டு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். அங்கேதான் வம்பு தொடங்குகிறது.

வண்டி தயாரிப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஹீரோ நிறுவனம் எக்ஸ்பல்ஸ் 200 வண்டிக்கு ராலி கிட் என்று ஒரு தொகுப்பை விற்றது. அதில் முன் ஃபோர்க்கின் அசைவு 190 மி.மீட்டரிலிருந்து 250 ஆகவும், பின்பக்கம் 170-லிருந்து 220 ஆகவும் கூடுகிறது. அந்தத் தொகுப்புக்குள்ளேயே நீளமான சைடு ஸ்டாண்டும் வைத்துக் கொடுத்தார்கள். உயரத்தைக் கூட்டினால் ஸ்டாண்டையும் கூட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு வருகிறார்கள்.

கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். பின்பக்கத்தை 50 மி.மீ. தூக்கினால் ஸ்டாண்டு மாட்டியிருக்கும் இடமும் 50 மி.மீ. உயராது. அது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. முன் அச்சிலிருந்து பின் அச்சு 1300 மி.மீ., ஸ்டாண்டு 750 மி.மீ. தூரத்தில் என்று வைத்தால், அந்த இடம் சுமார் 29 மி.மீ. உயரும். முன்னும் பின்னும் சமமாகத் தூக்கினாலோ, இரண்டு டயரையும் பெரிதாக்கினாலோதான் முழு உயரமும் ஸ்டாண்டுக்கு வரும். "ரெண்டு இஞ்ச் தூக்கினேன், அதனால் ஸ்டாண்டையும் ரெண்டு இஞ்ச் நீட்டு" என்று பட்டறையில் சொல்வது அதனால்தான் தப்பாகப் போகிறது. அப்படி நீட்டிய வண்டி நெட்டுக்குத்தாக நிற்கும். யாராவது பையை மாட்டும்போது லேசாக இடித்தால் போதும், ஸ்டாண்டு இல்லாத வலப்பக்கம் விழும். குட்டையான ஸ்டாண்டைவிட அது மோசம்.

இனி, நீட்டாமல் விட்டால் என்ன ஆகும்? ஸ்டாண்டின் கால் டயர் கோட்டிலிருந்து சுமார் 300 மி.மீ. தள்ளித் தரையைத் தொடுகிறது. 29 மி.மீ. குறைந்தால் வண்டி ஐந்து, ஐந்தரை டிகிரி கூடுதலாகச் சாயும். முன்பு 10 டிகிரி சாய்ந்த வண்டி இப்போது 15 டிகிரிக்கு மேல். 150 கிலோ வண்டி 10 டிகிரியில் நிற்கும்போது ஸ்டாண்டின் மேல் ஏறத்தாழ 48 கிலோ இறங்கும். 15 டிகிரியில் அது 70 கிலோ. நிறுத்திய வண்டியின் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால் 120 கிலோவைத் தாண்டும். ஒட்டியும் ஒட்டாத வெல்டு அதை எத்தனை நாள் தாங்கும்?

பக்கத்தில் வண்டி நிறுத்துபவருக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹேண்டில்பார், 15 டிகிரிச் சாய்வில் முன்னைவிட எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் அடுத்தவர் இடத்துக்குள் நீட்டும். நம் பார்க்கிங்கில் ஒரு பைக்குக்குப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டின் அகலம் உங்களுக்கே தெரியும். "என் கண்ணாடியை யார் உடைத்தது" என்று வாட்ஸ்அப்பில் வரும் சண்டைகளில் சில இந்த எட்டு சென்டிமீட்டரால்தான்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருச்சியில் சித்திரை, வைகாசியில் வாசல் தார்ச்சாலை எப்படி இளகுகிறது! ஸ்டாண்டின் கால் சின்னது, பல வண்டிகளில் மூன்றுக்கு நான்கு சென்டிமீட்டர்தான். அத்தனை எடையும் அந்தப் பன்னிரண்டு சதுர சென்டிமீட்டரில் இறங்கினால் தாருக்குள் போகத்தான் செய்யும். ஒரு சென்டிமீட்டர் புதைந்தாலே சாய்வு இரண்டு டிகிரி கூடும். மழைக்காலத்தில் சந்தைப் பக்கம் மண்ணில் நிறுத்துபவர்களுக்கும் இதே கதை. நம்மவர்கள் தட்டைக்கல் ஒன்றைத் தேடி அடியில் வைப்பது அனுபவ அறிவு. அதையே நிரந்தரமாகச் செய்வதுதான் கீழே தகடு வைப்பது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. வண்டி அதிகமாகச் சாய்கிறது என்றால் உடனே ஸ்டாண்டைக் கழற்றாதீர்கள். கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பைவட் போல்ட் தேய்ந்து, துளை முட்டை வடிவமாகி, லொடலொடவென்று ஆடும் ஸ்டாண்டுகள் ஏராளம். சிலவற்றில் சேஸிஸோடு சேரும் பிராக்கெட் வளைந்திருக்கும். ஸ்டாண்டு போட்ட வண்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து கிக்கர் உதைத்த பழக்கத்தின் பலன் அது. போல்ட்டையும் புஷ்ஷையும் மாற்றினாலே பாதிச் சாய்வு சரியாகிவிடும். தேய்ந்த போல்ட்டோடு ஸ்டாண்டை நீட்டினால், ஆட்டம் இன்னும் நீளமான கம்பியில் இன்னும் பெரிதாகத் தெரியும்.

அளவெடுப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. சமதரையில் நிறுத்துங்கள். நம் பார்க்கிங் தரை தண்ணீர் வடிவதற்காகச் சாய்வாகப் போட்டது, அங்கே அளக்காதீர்கள். மொட்டை மாடிக்குப் போகும் லிஃப்ட் முன்னால் இருக்கும் தளம் சமம். அதே மாடலில் உயர்த்தாத வண்டி யாரிடமாவது இருக்கும். செல்போனில் கோணம் காட்டும் வசதியை வைத்து அது எத்தனை டிகிரி சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வண்டியின் ஸ்டாண்டு அடியில் பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே வாருங்கள். எந்தத் தடிமனில் அதே கோணம் வருகிறதோ, அதுதான் உங்கள் தேவை. ஸ்டாண்டு தரைக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து நிற்பதால் கம்பியின் நீளம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். 29 மி.மீ. பிளைவுட் என்றால் கம்பி 32 மி.மீ. அளவில் வரும். சந்தேகம் இருந்தால் இரண்டு மி.மீ. குறைத்தே செய்யுங்கள். தகடு ஒட்டிக் கூட்டிக்கொள்ளலாம், நீட்டியதைக் குறைக்க மறுபடி அறுக்க வேண்டும்.

தேவை 15 மி.மீட்டருக்குள் என்றால் அறுக்கவே வேண்டாம். ஸ்டாண்டின் காலைக் கீழிருந்தும் மேலிருந்தும் கவ்விப் போல்ட் போடும் அகலத் தகடுகள் கிடைக்கின்றன. உயரமும் கூடும், எட்டுக்கு ஏழு சென்டிமீட்டர் தகடு என்றால் தரையில் இறங்கும் அழுத்தம் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் குறையும். போல்ட் தளராமல் இருக்க லாக் நட் போடச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். வெல்டிங்கில்லாமல் முடிகிற வேலையை நான், வெல்டராக இருந்தவன், சிபாரிசு செய்கிறேன் என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் தேவைப்பட்டால், உங்கள் வண்டிக்குப் பொருந்தும் நீளமான ஸ்டாண்டு ஸ்பேர் பார்ட்ஸாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காதபோதுதான் அறுத்து ஒட்டுவது. அதையும் ஒழுங்காகச் செய்தால் பழையதைவிட உறுதியாக வரும். நாம் இருக்கும் ஊர் எது? 1928 முதல் ரயில் எஞ்சின் வேலை நடக்கும் பணிமனை நம் வாசலில். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினைப் புதிதாகவே செய்து அனுப்பிய இடம். திருவெறும்பூர்ப் பக்கம் பெல் நிறுவனத்தில் வெல்டிங்குக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாய்லர் குழாய் ஒட்டும் கைகள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கும் ஊரில், ஒரு சைடு ஸ்டாண்டு முறிந்து விழுவது எனக்குக் கொஞ்சம் மானப் பிரச்சினையும்கூட.

சரி, ஒழுங்காகச் செய்வது என்றால் என்ன? ஸ்டாண்டைக் கழற்றித்தான் கொடுக்க வேண்டும். வண்டியிலேயே வைத்து ஒட்டித் தருகிறேன் என்று சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பெட்ரோல் டாங்கி மேலே இருக்கிறது. வெல்டிங் மின்சாரம் பேட்டரிக்கும் இப்போதைய வண்டிகளில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் போய்ச் சேரும். ஸ்டாண்டு சென்சாரும் அந்தச் சூட்டில் போய்விடும்.

அறுக்கும் இடம் முக்கியம். மேலே பைவட் பக்கம்தான் வளைக்கும் விசை அதிகம், கீழே வரவரக் குறையும். அதனால் ஸ்பிரிங் கொக்கிக்கு நன்றாகக் கீழே, குழாய் நேராக இருக்கும் பகுதியில் அறுக்க வேண்டும். உள்ளே இறுக்கமாக நுழையும் கெட்டி உருளைக் கம்பி ஒன்று வேண்டும். நீட்டுவது 32 மி.மீ. என்றால் அந்தக் கம்பி 90 மி.மீட்டருக்குக் குறையாமல் இருந்து, இரண்டு பக்கமும் குழாய்க்குள் முப்பது மி.மீ. அளவு போக வேண்டும். குழாயில் பக்கவாட்டில் துளை போட்டு அந்தத் துளை வழியாகவும் உள் கம்பியோடு ஒட்டுவார்கள். இணையும் வாய்களைச் சரிவாகச் சீவி, அந்தப் பள்ளத்தை அடியிலிருந்து நிரப்பி வர வேண்டும். பி பிளாக்கில் முறிந்ததில் உள் கம்பியும் இல்லை, சீவலும் இல்லை.

முதலில் இரண்டு இடத்தில் டேக் மட்டும் அடித்து, வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முழு வெல்டு. இதைச் சலிப்பில்லாமல் செய்யும் பட்டறைக்காரர்தான் நல்ல பட்டறைக்காரர். நேர்கோட்டில் நீட்டியிருந்தால், சாய்வு பழையபடி வந்ததும் அடிக்கால் தரையில் தட்டையாக உட்காரும். ஒரு விளிம்பில் மட்டும் நின்றால் கோணம் மாறியிருக்கிறது. ஈரம் குடித்த வெல்டிங் ராடு கூடாது. 7018 ராடு என்றால் சூடுபடுத்தி உலர்த்தியே எடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று, தயவுசெய்து கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்: ஒட்டிய சூட்டோடு வாளித் தண்ணீரில் முக்கக் கூடாது. சீக்கிரம் ஆறட்டும் என்று முக்குவார்கள், 'சுர்' என்று சத்தம் வரும், வாடிக்கையாளருக்கும் திருப்தி. சில வகை இரும்பு அந்தச் 'சுர்'ரிலேயே கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தானாக ஆறட்டும். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஆகிவிடும்.

சில வண்டிகளில் ஸ்டாண்டு வார்ப்பிரும்பாக இருக்கலாம். வார்ப்பைச் சாதாரண ராடு வைத்து ஒட்டினால் பக்கத்திலேயே விரிசல் விடும். அனுபவப்பட்டவர் கிரைண்டரில் தொட்டதும் பொறியைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அப்படியானால் அறுக்காமல் தகட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு எல்லோரும் நிற்கும் நிலையைத்தான் பார்க்கிறார்கள். மடக்கிய நிலையைப் பார்க்க வேண்டும். நீளமான ஸ்டாண்டு மேலே போனதும் ஸ்விங் ஆர்மில், செயினில், பின் கால்மிதியில் எங்காவது உரசுகிறதா? பின்னால் ஒருவரை உட்காரவைத்து அமுக்கிப் பாருங்கள். எடை கூடிய ஸ்டாண்டைப் பழைய ஸ்பிரிங் பிடித்து வைக்கிறதா, இல்லை வேகத்தடையில் தானாக இறங்குகிறதா? கையால் தட்டிப் பார்த்தாலே தெரியும், ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஓடும் வண்டியில் தொங்கும் ஸ்டாண்டு இடது திருப்பத்தில் தரையில் இடித்தால் வண்டியையே தூக்கி எறியும். "அண்ணே, சைடு ஸ்டாண்டு!" என்று ரோட்டில் முன்பின் தெரியாதவர்கூடக் கத்திக்கொண்டே வருவதும், லாரிக்காரர் கையைக் கீழே காட்டிச் சைகை செய்வதும் சும்மாவா? பி.எஸ். 6 விதி 2020-இல் வந்த பிறகு வாங்கிய வண்டிகளில் பெரும்பாலும், ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் எஞ்சின் அணையும். வேலை முடிந்ததும் அது அணைகிறதா என்று பாருங்கள். "சென்சார் தொல்லை, ஒயரைச் சேர்த்துவிட்டேன்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் ஒயரைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

சென்டர் ஸ்டாண்டு இருக்கும் வண்டியை உயர்த்தினால், அதைப் போட்டாலும் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பாது. பஞ்சர் ஒட்டும்போதும் செயினுக்கு எண்ணெய் விடும்போதும்தான் அது தெரியவரும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019 திருத்தத்தில் இடம் இருக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். தம்பிகளே, நான் பயமுறுத்தவில்லை. டயர் அளவையும் சேஸிஸையும் தொடுவதற்கு முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். முழுத் தடை வேண்டாம் என்பது என் கருத்து. தடை போட்டால் அந்த வண்டிகள் கேட்டுக்கு வெளியே, தார்ச்சாலை ஓரத்தில், பிள்ளைகள் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் அதே இடத்தில் நிற்கும். அங்கே புதையவும் வசதி, விழவும் வசதி. அதற்குப் பதிலாக நான் கேட்பது இவ்வளவுதான். உயர்த்திய வண்டிகளை வரிசையின் நடுவில் விடாமல், இடது பக்கம் சுவர் வரும் கடைசி இடங்களை அவற்றுக்கு ஒதுக்குவோம். சாய்ந்தால் சுவர் தாங்கும். சி பிளாக் வேலையில் மிஞ்சிய கிரானைட் துண்டுகள் மோட்டார் அறையில் கிடக்கின்றன, ஸ்டாண்டு வரும் இடங்களில் பதித்துவிடலாம். சரிவுப் பாதையில் நிறுத்துபவர்கள் முன்சக்கரம் மேட்டைப் பார்க்கும்படி, முதல் கியரில் நிறுத்த வேண்டும். வண்டி முன்னால் உருண்டால் ஸ்டாண்டு மடங்கிவிடும், பின்னால் உருண்டால் மடங்காது. சைக்கிள்களை அங்கிருந்து எடுத்து வாட்ச்மேன் அறைப் பக்கம் மாற்றுவதை இன்றைக்கே செய்யலாம், அதற்குத் தீர்மானம்கூடத் தேவையில்லை.

சாய்வு இத்தனை டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு எல்லை வைக்கலாமா என்று பொருளாளர் அம்மா கேட்டார்கள். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் ஒரே எண் சரிவராது. அதே மாடலின் பழைய சாய்வைவிட மூன்று டிகிரி வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு லிஃப்ட் முன்னால் வந்துவிடுவேன். பிளைவுட் துண்டுகள் 3, 6, 12 மி.மீ. அளவுகளில் என்னிடம் இருக்கின்றன. மூன்று பிளாக்கிலும் சேர்த்து உயர்த்திய வண்டிகள் ஏழு என்று வாட்ச்மேன் கணக்குச் சொன்னார். ஏழையும் அளந்து, எதற்குத் தகடு போதும், எதற்கு அறுக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதை எடுத்துக்கொண்டு எந்தப் பட்டறைக்கு வேண்டுமானாலும் போங்கள். ஒட்டியதும் பெயின்ட் அடிக்காமல் என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுப் பிறகு அடியுங்கள்.